வாழைப்பழத்துக்குள் வைத்த மாத்திரை

முதலில் அந்தச் சுவையைச் சொல்லிவிடுகிறேன். இருபது காசு நாணயம் ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடமாடினால் எப்படி இருக்கும், அப்படி. தேத்தண்ணி குடித்தாலும் அது, பல் தேய்த்தாலும் அது. லித்தியம் மாத்திரை சாப்பிடுகிற எல்லாருக்கும் வாயில் இப்படி ஆவதில்லை என்கிறார்கள். எனக்கு ஆனது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் ஏதோ ஒரு இரும்புக் கிராதியை நக்கிய நினைப்பு வரும்.

யாரும் பாவம் பார்க்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. பாவம் பார்த்தவர்கள் கொண்டுவந்த மைலோ சத்துப்பான டின் மூன்று இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அது போதும். இதே மாத்திரையை விழுங்கிக்கொண்டு, வீட்டில் சொன்னார்கள் என்று விரதத்துக்குத் தயாராகிற ஒருவர் கிள்ளானிலோ காஜாங்கிலோ அம்பாங்கிலோ கட்டாயம் இருப்பார். அவர் படிக்க வேண்டும். அவர் வீட்டார் அவசியம் படிக்க வேண்டும்.

நோய் முதலில் வந்தது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உயிர்வேதியியல் படிக்கும்போது. எண்பதுகளின் கடைசி. ஏழு நாள் நான் தூங்கவில்லை, தூக்கம் தேவைப்படவும் இல்லை. ஹாஸ்டல் கதவு முழுக்க லிப்ஸ்டிக்கால் சமன்பாடுகள் எழுதினேன். என் பாவாடை சட்டைகளையெல்லாம் அறை அறையாகப் போய்க் கொடுத்தேன். எட்டாம் நாள் வார்டன் போன் பண்ண, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து அப்பா டாக்ஸி பிடித்து வந்து, என் மேல் ஒரு போர்வையைப் போர்த்தி அழைத்துப் போனார். டாக்ஸிக்காரரிடம் "காய்ச்சல்" என்றார். பொய் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மனநல டாக்டர் தமிழர்தான், யாழ்ப்பாண வழி. ஆனால் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். மனம் கட்டுக்கு மீறிப் பறப்பதும், பிறகு தரையில் விழுந்து மாதக்கணக்கில் எழாமல் கிடப்பதும் ஒரே நோயின் இரண்டு பக்கம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். லித்தியம் எழுதிக் கொடுத்தார். உப்பு வழக்கம்போல் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, மாதம் ஒருமுறை ரத்தம் கொடுத்து அளவு பார், நீயாக நிறுத்தாதே. நாலு கட்டளை. அருகில் உட்கார்ந்திருந்த அம்மா கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தவே கூடாதாம்" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொன்னாள். "செத்தாலும் நிறுத்தக் கூடாதாம்." செத்தாலும் என்று டாக்டர் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் நான் தெளிந்தேன். தெளிந்ததும் எனக்கு ஒரு வெறி வந்தது, இது நோய் இல்லை, படிப்பு வெறி. ஒரு சாதாரண உப்பு வகை, பேட்டரிக்குள் போடுகிற சரக்கு, எப்படி என் மண்டைக்குள் போய் என்னைத் தரையில் இறக்கியது? நூலகத்தில் கிடைத்த கட்டுரைகளையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்தேன். அக்கா லலிதா அப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வேலை முடிந்து வந்து காலை நீட்டியவளை விடாமல் பிடித்து உட்கார வைத்து விளக்குவேன்.

"அப்பாவோட ஸ்டேஷன நெனச்சுக்கோ. ஜன்னல்ல ஒருத்தன் வந்து சீட்டு நீட்டுறான். அவன் உள்ள வரமாட்டான். நீட்டிட்டுப் போயிடுவான். உள்ள இருக்கிற ஒருத்தர் சீட்டப் பாத்துட்டு ஓடிப்போயி தண்டவாளத்த மாத்துறாரு. சரியா? மூளை செல்லும் அப்படித்தான். செரடோனின், நாரட்ரினலின், இதெல்லாம் வெளிய நிக்கிற ஆளு. ஒரு செல்லுலேர்ந்து அடுத்த செல்லுக்கு வர்ற தூதர். செல்லோட சுவத்துல அதுக்குன்னு ஒரு ஜன்னல் இருக்கு. அங்க தட்டிட்டு நின்னுடும். உள்ள ஓடுறது வேற ஆளு. அவர்தான் இரண்டாம் தூதர்."

"அப்ப உன் மண்டைக்குள்ள ரெண்டாவது ஆளு ரொம்ப ஓடிட்டாரா?"

"அதேதான். ஓடினவரு மறுபடி ஓடணும்னா அவர உடைச்சு, மூலப்பொருள எடுத்து, திரும்பச் செய்யணும். அந்தப் பொருளுக்கு இனோசிட்டால்னு பேரு. லித்தியம் அந்த மறுசெய்கைய அடைக்குது. அதனால எந்த செல் ரொம்பக் கத்துதோ அதுக்குத்தான் மொதல்ல சரக்குத் தீரும். அமைதியா இருக்கிற செல்லுக்கு ஒண்ணும் ஆவாது. எவ்ளோ அழகு பாரு."

"முழுசா இதான் காரணம்னு தெரியுமா?"

"தெரியாது. இப்படி இருக்கலாம்னு சொல்றாங்க."

"தெரியாமத்தான் தின்னுறியா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அந்த அழகில் நான் மயங்கிக் கிடந்தேன், அதுதான் பிழை. மூளை செல்லுக்குள் ஓடுகிற தூதர்களைக் கண்ணை மூடிக்கொண்டு படம் போடுவேன். அதே லித்தியம் உடம்பைவிட்டு வெளியே போகும் வழி சிறுநீரகம். அதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. சிறுநீரகம் எனக்கு அழகாகத் தெரியவில்லை.

மறு ஆண்டு கடைசியில், தைப்பூசத்துக்கு ஏழெட்டு வாரம் இருக்கையில் அம்மா சொன்னாள்: "உனக்குத் தெளிஞ்சா பால்குடம் எடுக்க வைக்கிறேன்னு முருகனுக்கு நேர்ந்திருக்கேன். பத்துமலைக்கு நீ எடுக்கணும்."

"தெளிய வச்சது மாத்திர. அதக் குடுத்தது டாக்டரு."

"அந்த டாக்டர்கிட்ட கொண்டுபோயி விட்டது யாரு?"

ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். ஏதாவது ஒன்றில் முழுசாக இறங்க வேண்டும், பாதி வேலை எனக்குப் பிடிக்காது.

விரதம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலோர் மாமிசத்தை விட்டு, ஒரு வேளை சாப்பிட்டு, தரையில் படுப்பார்கள். காப்பார் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்த என் அம்மா வீட்டு வழக்கம் இன்னும் கடுமை. கடைசி மூன்று வாரம் உப்பே கூடாது. சோற்றில், பருப்பில், மோரில், எதிலும். நாக்கை அடக்கினால்தான் மனம் அடங்கும் என்பார்கள். உப்பில்லாத பருப்பை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். சுவரில் ஒட்டுகிற பசை அதைவிட மேல். அந்த மாதம் பரீட்சையும் இருந்ததால் ரத்தம் பார்க்கப் போகவில்லை. போகாததை யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டாவது வாரத்தில் கை நடுங்கியது. பேனா பிடித்தால் எழுத்து புழுப்போல் நெளிந்தது. பிறகு வயிறு. ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை. குவாட்டர்ஸில் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், தகரக் கதவு. அங்கே குந்திக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துத் தொங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"உடம்பு சுத்தமாவுது" என்றாள் அம்மா. "விரதத்துல அப்படித்தான் ஆவும்."

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் குவாட்டர்ஸ் லைனுக்குப் பக்கத்துச் சின்னக் கோயிலில் பூஜை. நடக்கும்போது தரை ஒரு பக்கம் சாய்ந்தது. தீபாராதனை நேரத்தில் என் உடம்பு முழுக்க ஆட ஆரம்பித்தது. கால் பின்னியது. பேச வாய் திறந்தால் சொல் குழைந்து, நாக்கு வேறு யாருடையதோ போல் புரண்டது. உருமி அடிக்கிறவர் அதைப் பார்த்ததும் வேகம் கூட்டினார். எனக்குப் புரிந்தது, என்ன நினைக்கிறார்கள் என்று. அருள் வந்துவிட்டதாம்.

திருநீறு அள்ளி நெற்றியில் அப்பினார்கள். கண்ணுக்குள் போனது. யாரோ காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். எதிர்வீட்டு மாரியாயி ஆன்டி என் முன் கைகூப்பி மண்டியிட்டார்.

"ஆத்தா, என் மவனுக்கு கவர்மென்ட் வேல கெடைக்குமா, சொல்லு ஆத்தா."

நான் சொல்ல நினைத்தது "என்னை உட்கார வையுங்கள்" என்று. வந்தது வாந்தி. அவர் கூப்பிய கையிலும் மடியிலும். மஞ்சள் பித்தம். அவர் முகம் ஒரு நொடி சுளித்தது, உடனே பக்தியாக மாறிக்கொண்டது. அந்த மாற்றத்தை நான் பார்த்தேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் குமட்டியது. "ஆத்தா ஏத்துக்கிட்டா" என்று பின்னால் ஒருத்தர் சொன்னார். அம்மா அழுதாள், பெருமையால்.

திங்கட்கிழமை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இனி அம்மா பேச்சைக் கேட்க முடியாது என்று அப்பா டாக்ஸி கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு மலாய்க்கார இளம் பெண் டாக்டர் பார்த்தார். மலாயில் நிதானமாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதிருந்து வாந்தி. எங்கே சாப்பிட்டாள். முன்பு ஏதும் நோய் உண்டா. தினமும் சாப்பிடும் மருந்து, ஊபாட், ஏதாவது உண்டா.

"தக் அடா" என்றாள் அம்மா. இல்லை.

இதற்குக் காரணம் தெரிய வேண்டும். அந்த மாதம்தான் அக்காவைக் கிள்ளானிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். பூச்சூட்டத் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களில் பாதிப்பேர் நம் ஆட்கள். தங்கச்சி மூளைக்கு மாத்திரை தின்கிறாள் என்பது ஒரு நர்ஸ் மிசி காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிள்ளான் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அம்மா கணக்கு.

அம்மாவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுத் தப்பிக்க மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு நாக்கு இருந்தது. குழறினாலும் பேச வந்தது. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பெத்துல்கா?" உண்மையா? நான் தலையாட்டினேன். அக்காவுக்காக என்று அன்று நினைத்தேன். இல்லை, வெட்கம்தான். அந்த டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கெட்ட சாப்பாடு, வயிற்றுப்போக்கு என்று எழுதி, கையில் உப்புநீர் ஏற்றி, வார்டில் போட்டார்கள்.

வார்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல முயல்கிறேன், வரவில்லை. முப்பது கட்டில். டெட்டால் வாடைக்கு அடியில் மூத்திர வாடை, அதற்கும் அடியில் வெந்த முட்டைக்கோஸ் வாடை. படுக்கைச் சட்டியைக் கொண்டு வந்து வைத்தவர் அரை மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வருவார். அதுவரை அதன் மேலேயே. விளிம்பு இடுப்பை அறுக்கும். என் உடம்பு எனக்கு ஒரு சாக்கடை அடைப்பு போலத் தோன்றியது, திறந்தால் ஒழுகும், மூடினால் வீங்கும்.

பக்கத்துக் கட்டில் பாக்கியம் அக்கா. கிள்ளான் பாசாரில் காய்கறிக் கடை. சர்க்கரை முற்றிக் காலில் புண். அந்தப் புண்ணின் வாடை எங்கள் மூலை முழுக்க. அவரே சொல்லுவார்: "மன்னிச்சுக்க பாப்பா, கருவாட்டுக் கடை பக்கத்துல படுத்திருக்கன்னு நெனச்சுக்க." அவர் வாய் ஓயாது, கண்ணும் ஓயாது.

மறுநாள் காலை அம்மா வந்தாள். பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்து, பாதி உரித்து, எனக்கு ஊட்டினாள். கடித்ததும் தெரிந்தது. பல்லில் கல்போல் ஒன்று, அந்த நாணயச் சுவை. இரண்டு லித்தியம் மாத்திரை. அம்மா என் காதில் சொன்னாள்: "முழுங்கிடு. ஒரு வேளையும் நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

நோயை டாக்டரிடம் மறைக்க வேண்டும், மருந்தையும் விடக் கூடாது. இரண்டையும் ஒரே பழத்துக்குள் வைத்து ஊட்டினாள். நான் விழுங்கினேன். இதைப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் தொண்டையில் அந்தப் பழத்தின் வழவழப்பு வரும். வாழைப்பழம் நான் இப்போது தொடுவதில்லை.

செவ்வாயும் புதனும் டாக்டர்கள் குழம்பினார்கள். உப்புநீர் ஏறியதால் சாயங்காலம் கொஞ்சம் தெளிவேன். காலையில் பழம் சாப்பிட்டு மத்தியானம் ஆனால் மறுபடி உடம்பு உதறும், கண் இழுக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. வயிற்றுக் கோளாறுக்கு இப்படி ஆகாதே, மூளைக் காய்ச்சலோ என்று சந்தேகம். அதற்கு ஒரு பரிசோதனை. பக்கவாட்டில் இறால்போல் சுருட்டிப் படுக்க வைத்து, முதுகெலும்பு இடைவெளியில் நீள ஊசி விட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரில் சில சொட்டு எடுப்பார்கள். நான் உதறிக்கொண்டே இருந்ததால் முதல் இரண்டு குத்து எலும்பில் பட்டது. மூன்றாவதில் கிடைத்தது. நீர் சுத்தமாக இருந்தது. இல்லாத நோயைத் தேடி என் முதுகைக் குத்தியதற்கு நான் டாக்டரைத் திட்ட முடியாது. தேடவிட்டது நாங்கள்.

லித்தியம் அளவைச் சாதாரண ரத்தப் பரிசோதனை காட்டாது. தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். கேட்க வேண்டும் என்று தோன்ற, யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதன்கிழமை இரவு எனக்கே அந்த வார்த்தையைச் சொல்லத் தோன்றியது. அதற்குள் நாக்கு போய்விட்டது. காற்று மட்டும் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரம். அக்கா வேலையிலிருந்து நேராக வந்தாள், அம்மா இன்னும் வரவில்லை. பாக்கியம் அக்கா அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் கண் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, உங்க அம்மா அந்தப் பழத்துல என்னாத்த வைக்குது?"

"எந்தப் பழம்?"

"தெனம் காலையில ஊட்டுதே. முந்தாநேத்தும் பாத்தேன், நேத்தும் பாத்தேன், இன்னிக்கும் பாத்தேன். பழத்தத் தின்னா இந்தப் புள்ள ரெண்டு மணி நேரத்துல கோழி மாதிரி உதறுது. சாமி பிரசாதம்னா நானும் கேப்பேன் லா. ஆனா அதுல வெள்ளையா ரெண்டு இருந்திச்சு."

மருந்து இல்லை என்று அம்மா டாக்டரிடம் சொன்னதும், அப்படியானால் மாத்திரையை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள் போல என்று அக்கா நினைத்திருந்தாளாம். பிறகு என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். "சுகுணா, மாத்திர குடுக்குறாங்களா?" நான் கண்ணை இறுக்க மூடித் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். தனியாக இல்லை. கூடவே கிள்ளான் மாப்பிள்ளையின் அம்மா, பட்டுச் சேலை, கையில் ஆரஞ்சுப் பையும் மைலோ டின்னும். சம்பந்தம் பேசிய வீட்டில் பெண்ணின் தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு மரியாதைக்கு வந்திருந்தார்.

"புட் பாய்சனாம்ல" என்றார், மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு.

"ஆமாக்கா, வெளிச்சாப்பாடு. எத்தன சொன்னாலும் கேக்க மாட்டா" என்றாள் அம்மா.

டாக்டர் அந்த வழியாக வந்தார். அக்கா போய் அவர் முன்னால் நின்றாள். அவள் மெல்லிய குரல்காரி, டைப் அடிக்கும் சத்தம்தான் அவளைவிடப் பெரிது. அன்று ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, வார்டு கேட்கச் சொன்னாள்: என் தங்கை ஒன்றரை வருஷமாக லித்தியம் சாப்பிடுகிறாள். மனநல டாக்டர் கொடுத்தது. இன்று காலைகூடச் சாப்பிட்டாள். மூன்று வாரமாக உப்புச் சாப்பிடவில்லை.

டாக்டரின் முகத்தில் அருவருப்பு எதுவும் வரவில்லை. அதற்குத்தானே நான் பயந்து வாயை மூடினேன். கோபம்தான் வந்தது. அம்மாவைப் பார்த்துக் கேட்டார், ஏன் சொல்லவில்லை?

அம்மா மலாயில் ஆரம்பித்து, முடியாமல், தமிழில் உடைந்தாள். "நிறுத்தக் கூடாதுன்னாங்க. நிறுத்தினா மறுபடியும் பைத்தியமாயிடுவாளேன்னுதான்..."

அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. கிள்ளான் அம்மாள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். கட்டிலிலிருந்து அரை அடி தள்ளி நின்றார். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்றார். ஆரஞ்சுப் பையை வைத்தார். பிறகு ஏதோ நினைத்தவர்போல் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

"மைலோவ மறந்துட்டுப் போறீங்க" என்று பாக்கியம் அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பவில்லை.

அதன்பிறகு எல்லாம் ஓட்டம். ரத்தம் ஐஸில் வைத்து எடுத்துப் போனார்கள். அளவு வந்ததும் கழுத்தருகே ஒரு தடிமனான குழாய் செருகி, ரத்தம் கழுவும் இயந்திரத்தோடு என்னை இணைத்தார்கள். என் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், கழுவப்பட்டு, இன்னொரு குழாயில் சில்லென்று திரும்பி வந்தது. நாலு மணி நேரம். அளவு இறங்கியது. மறுநாள் மறுபடி ஏறியது. மாத்திரை கொடுக்காமலே எப்படி என்று அம்மாவின் பையைச் சோதித்தார்கள், நியாயம்தான். ஆனால் இந்தத் தடவை பழம் இல்லை. செல்களுக்குள், மூளைக்குள் ஒளிந்திருந்த லித்தியம் மெல்ல ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை கழுவினார்கள்.

காரணத்தை நான் பிறகு படித்தேன், இந்தத் தடவை சிறுநீரகத்தை. லித்தியமும் உப்பிலிருக்கும் சோடியமும் ஒரே குடும்பம். சிறுநீரகத்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உப்புக் குறைந்தால் உடம்பு பதறி, கிடைப்பதையெல்லாம் பிடித்து வைக்கும், லித்தியத்தையும் சேர்த்து. வயிற்றுப்போக்கில் தண்ணீரும் போனால் இன்னும் பிடிக்கும். அளவோடு இருந்தால் கத்துகிற செல்லை மட்டும் அமைதிப்படுத்துகிற மருந்து, அளவு மீறினால் எல்லாத் தூதர்களின் காலையும் சேர்த்துக் கட்டிப்போடும். கை, நாக்கு, நடை, நினைவு. நாங்கள் அருள் என்றது அதைத்தான்.

மனநல டாக்டர் வார்டுக்கு வந்தார். முதல் தடவையாகத் தமிழில் முழு வாக்கியம் பேசினார்.

"உங்கட ஆக்கள் விரதத்துக்கு உப்பை விடுவினமோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நீங்க கேக்கல டாக்டர்" என்றேன். நாக்கு திரும்பி வந்து நான் சொன்ன முதல் நீள வாக்கியம் அது. குழறியது, ஆனாலும் புரிந்தது. அவர் முகம் சிவந்தது. பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மருந்தை மறுபடி தொடங்கலாமா என்று என்னையே கேட்டார். சிறிய அளவில், வாரம் ஒரு ரத்தப் பரிசோதனையோடு. நினைத்தாலே வாயில் நாணயம் ஊறியது. ஆனால் லிப்ஸ்டிக் சமன்பாடுகளை மறுபடி பார்த்திருந்தேன், ஹாஸ்டல் தோழி ஒருத்தி எடுத்த போட்டோவில். ஒன்றுகூடச் சரியில்லை. கூட்டல்கூடத் தப்பு. அதை எழுதியவளாகத் திரும்ப எனக்கு இஷ்டமில்லை. சரி என்றேன்.

தைப்பூசம் நான் வார்டில் இருக்கும்போதே போய்விட்டது. கிள்ளானிலிருந்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சேதி வந்தது. பூச்சூட்டத் தேதி வரைக்கும் பொருந்திய ஜாதகம். அக்கா சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே, "தப்பிச்சேன். ஆரஞ்சத் திருப்பி எடுத்துட்டுப் போற வீட்டுல என்னா வாழறது" என்றாள். சிரிக்கவில்லை. அம்மா அவளிடம் ஒரு மாதம் பேசவில்லை. என்னிடம் பேசினாள், ஆனால் பார்க்காமல். குவாட்டர்ஸ் லைனில் கேட்டவர்களுக்கெல்லாம் புட் பாய்சன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்கும்போது என் முதுகில் ஊசி குத்திய இடம் சுருங்கும். அடுத்த தடவை இப்படித்தான் செத்துப்போவேன் என்று நினைத்துக்கொள்வேன், அம்மா வாயில் ஒரு பொய்யோடு.

அடுத்த தடவை நாலு மாதத்தில் வந்தது. கிள்ளானில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்குக் கடும் காய்ச்சல், வாந்தி. சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் வாந்தி எடுக்கிற உடம்பில் லித்தியம் ஏறும், சில வலி மாத்திரைகள் அதை இன்னும் ஏற்றும் என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை.

பக்கத்துக் கிளினிக்கில் உட்கார இடமில்லை. வியர்வையும் இருமலும் பிள்ளைகளின் மூத்திரமும். பெஞ்சில் இருந்தவர்களில் மாமா தெருக்காரர்கள் நாலைந்து பேர், அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். கவுன்டரில் இருந்த பெண், அட்டையில் எழுதியபடியே, வேறு மருந்து ஏதும் தினமும் சாப்பிடுகிறாளா என்று மலாயில் கேட்டாள்.

நான் பேசவில்லை. பேச முடிந்தது, வேண்டுமென்றுதான் பேசவில்லை. அம்மா சொல்லாவிட்டால் நான் சொல்லிக்கொள்வேன். ஆனால் எனக்கு நாக்கு இல்லாத ஒரு நாளில் இவள் சொல்லுவாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அம்மா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"லித்தியம்" என்றாள்.

மேலே காற்றாடி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்தாள். "அபா?" என்ன?

அம்மா என்னைப் பார்த்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள், அன்போடு இல்லை, வாயில் கசப்பை வைத்துக்கொண்டிருப்பவர்கள் பார்ப்பார்களே, அப்படி. பிறகு கவுன்டர் கண்ணாடியின் ஓட்டையில் வாயை வைத்து, பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி, எந்த டாக்டர் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை என்பதெல்லாம் சேர்த்து மறுபடியும் சொன்னாள்.